பிளானார் ஹெட்போனை வீட்டிலேயே கேட்டுச் சோதிப்பது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடைக்குள் போய், பிளானார் மேக்னெட்டிக் ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பார்க்கக் கிடைக்குமா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைத்து, திருப்பி அனுப்ப அவர்கள் தருகிற சில நாட்களுக்குள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நம்ம ஊர்ப்பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவது வழிதான். அந்தச் சில நாட்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விமர்சனங்களைப் படியுங்கள், அளவீட்டு வரைபடங்களைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் கடைசியில் நான் கேட்பது இரண்டே கேள்விகள். இரண்டு மணி நேரம் தலையில் இருந்தும் தொந்தரவு தெரியாமல் இருக்கிறதா? நேரில் கேட்டு வளர்ந்த சத்தம் இதிலும் அந்தச் சத்தமாகவே வருகிறதா? இரண்டாவது கேள்விக்கு நம்ம மாவட்டத்தில் சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. கொடை விழாவில் வில்லுப்பாட்டு, கோயிலில் நாதஸ்வரமும் தவிலும், திருவிழா ஊர்வலத்தில் சிங்காரி மேளம், சர்ச்சில் பாடகர் குழு என்று பக்கத்திலேயே நின்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தக் காதை நம்புங்கள்.

இது என்ன வகை

சாதாரண டைனமிக் ஹெட்போனில் ஒரு சின்னச் சவ்வு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச் சுருள். சுருள் காந்தத்துக்குள் முன்னும் பின்னும் போக, சவ்வும் கூடவே அசையும். பிளானாரில் அந்தச் சுருள் இல்லை. மிக மெல்லிய ஒரு படலத்தின் மேலேயே மின்தடம் கோடுகோடாகப் பதிந்திருக்கும், படலத்துக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் ஓடினால் படலத்தின் பரப்பு முழுவதும் சேர்ந்தே அசைகிறது. நல்ல பிளானாரில் பாஸ், அதாவது அடிச்சத்தம், அடிமட்டம் வரை தேயாமல் போவதற்கும், சத்தம் கூடினாலும் குழம்பாமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். எடை அதிகமாக இருப்பதற்கும் இதே அமைப்புதான் காரணம், அத்தனை காந்தம் உள்ளே இருக்கிறது.

நுட்பம் புதிது அல்ல. யமஹா 1976-லேயே எச்பி-1 என்று ஒன்றை விற்றது. அப்புறம் நீண்ட காலம் பெரிய பேச்சில்லாமல் கிடந்து, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆடிஸி, ஹைஃபைமேன் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகுதான் மறுபடியும் சூடு பிடித்தது.

ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் ஆம்ப், அதாவது ஹெட்போனுக்கு மின்திறன் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர். புதியவர்கள் மின்தடையைச் சொல்லும் ஓம் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பிளானாரில் ஓம் குறைவாகவே இருக்கும், அதை வைத்து "போனிலேயே ஓடும்" என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பது. ஆடிஸி எல்சிடி-எக்ஸுக்கு அது 103 டெசிபெல். ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கு 83. இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் பத்து மடங்கு மின்திறன் வேண்டும், ஆக இருபதுக்கு நூறு மடங்கு. இசையின் உச்சத்தில் 110 டெசிபெல் வர வேண்டுமென்றால் எல்சிடி-எக்ஸுக்கு 5 மில்லிவாட் போதும், சுஸ்வாராவுக்கு 500 வேண்டும். 2017-ல் 6000 டாலர் விலையில் வந்த அந்தச் சுஸ்வாராவை, போனில் செருகும் ஒரு சின்ன டாங்கிளில் மாட்டினால் பாட்டு கேட்கத்தான் செய்யும், ஆனால் மேளம் ஓங்கி அடிக்கும் இடத்தில் ஆம்ப் மூச்சு வாங்கிவிடும். ஆகவே ஹெட்போன் விலையோடு ஆம்ப் விலையையும் சேர்த்து எழுதி வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. பிளானாரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதனால் போதிய திறன் உள்ள எந்த ஒழுங்கான ஆம்பில் மாட்டினாலும் சத்தத்தின் குணம் பெரிதாக மாறாது. விலை கூடிய கேபிளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இடது வலது இரண்டுக்கும் பொதுக் கம்பி இல்லாமல் தனித்தனியாக வரும் பேலன்ஸ்டு கேபிள் வாங்கினால் பல ஆம்ப்களில் கூடுதல் திறன் கிடைக்கும், அதற்காக மட்டும் வாங்கலாம்.

அடுத்தது ஓபன் பேக்கா, க்ளோஸ்டு பேக்கா. பெரும்பாலான பிளானார்கள் ஓபன் பேக், அதாவது கப்பின் வெளிப்பக்கம் வலை. உங்கள் பாட்டு அறைக்கே கேட்கும், அறையின் சத்தம் உங்களுக்கும் கேட்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் உட்கார முடியாது, அந்த ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வரும். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று, தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட மாடி அறை என்றால் அந்த மாதங்களில் ஓபன் பேக் கேட்பது வீண். கூட்டுக் குடும்பம், சின்ன வீடு, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்றால் டான் கிளார்க் ஆடியோ போன்றவர்கள் செய்யும் க்ளோஸ்டு பேக் பிளானார்களைப் பாருங்கள். தனி அறையும் ராத்திரி அமைதியும் இருந்தால் ஓபன் பேக்கை விடாதீர்கள், அந்த விசாலம் க்ளோஸ்டில் அபூர்வம்.

பெட்டி வந்த அன்று

பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் முடிவு வரை வீடியோ எடுத்து வையுங்கள். பாட்டு போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

இடது வலது சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மோனோ பதிவை, அதாவது இரண்டு காதிலும் ஒரே சத்தம் வரும் பதிவைப் போடுங்கள், ஆள் பேசுகிற பதிவாக இருந்தால் நல்லது. குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஹெட்போனை இடவலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். குரலும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ கேபிளிலோ ஆம்பிலோ இருக்கிறது, மாறாமல் அதே பக்கம் நின்றால் அது உங்கள் காதின் விஷயம்.

அப்புறம் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை மெதுவாக ஏறும் சோதனைத் தொனி ஒன்றைக் குறைந்த சத்தத்தில் ஓட விடுங்கள். அடிமட்டத்தில் கரகரப்பு, சிலிர்ப்பு, எதுவோ உரசுகிற மாதிரி சத்தம் வந்தால் படலத்தில் ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தலைமுடி உள்ளே போயிருந்தாலே இப்படிக் கேட்கும், காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேடைக் கழற்றிப் பார்த்தால் கண்ணில் படும்.

ஹெட்போனைக் காதோடு சட்டென்று அழுத்தும்போது மெல்லிய படலம் நெறுநெறுவென்று ஒரு சத்தம் போடலாம். காற்று அழுத்தத்தில் படலம் வளைவதால் வருவது அது, பல பிளானார்களில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் மெதுவாகப் போட்டு மெதுவாகக் கழற்றுங்கள்.

சுகம்: இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

ஹைஃபைமேன் சுந்தரா 372 கிராம், மெஸே எம்பிரியன் 430, எல்சிடி-எக்ஸ் 612. கையில் எடுத்தால் எல்லாமே "தாங்கும்" என்றுதான் இருக்கும். கழுத்துக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து "நல்ல சுகமா இருக்கு" என்று சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை.

சோதிக்கிற முறை இது. நீங்கள் வழக்கமாகப் பாட்டு கேட்கும் நேரத்தில், வழக்கமான நாற்காலியில், மணி பார்க்காமல் உட்காருங்கள். கொஞ்ச நேரம் புத்தகமோ போனோ பார்க்கத் தலையைக் குனியுங்கள், முன்பக்கம் சரிகிறதா? சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாயுங்கள், ஹெட்பேண்ட் முட்டித் தள்ளுகிறதா? உங்களை அறியாமல் எத்தனை தடவை ஹெட்போனைச் சரி செய்தீர்கள் என்று கவனியுங்கள், அதுதான் உண்மையான மதிப்பெண்.

வலி எந்த இடத்தில் வருகிறது என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலித்தால் எடை பரவவில்லை, அகலமான தோல் பட்டை தொங்கும் ஹெட்பேண்ட் வேண்டும். எடை கூடிய ஒன்று பட்டை சரியாக இருப்பதால் சுகமாகவும், எடை குறைந்தது பட்டை சரியில்லாமல் துன்பமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். காதுக்குக் கீழே தாடைப் பக்கம் வலித்தால் பிடிமானம் அதிகம், இது சில வாரத்தில் கொஞ்சம் தளரும். காது மடல் உள்ளே வலையில் தொட்டுக்கொண்டே இருந்தால் பேடின் ஆழம் போதாது, அது தளராது, பேட் அமுங்க அமுங்க இன்னும் மோசமாகும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கட்டாயம் கண்ணாடியோடு சோதியுங்கள். தக்கலையில் என் சித்தி மகன் ஒரு பிளானாரைப் போட்டுக் கேட்டுவிட்டு "லேய் மக்கா, இதுல பாஸே இல்லியே" என்றான். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அதே பாட்டு, அதே இடம், அடிச்சத்தம் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தது, பல பிளானார்களில் அந்த இடைவெளி போதும், பாஸ் ஒழுகிப் போய்விடும். ஜிமிக்கி, பெரிய தோடு, காதோரம் தடித்த பின்னல், அடர்ந்த தாடி இவற்றுக்கும் இதே கதைதான்.

வியர்வையைப் பற்றி வெளிநாட்டு விமர்சனங்களில் சரியாகச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் கேட்பது குளிர்ந்த அறையில். நமக்கு ஏப்ரல் மாதப் பகலில் செயற்கைத் தோல் பேட் அரை மணி நேரத்தில் நசநசக்கும், ஓரிரு வருடத்தில் தோல் செதில் செதிலாக உரியவும் தொடங்கும். துணியும் தோலும் கலந்த பேட் நம்ம ஊருக்கு மேல். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் எண்ணெய் வைத்த அன்று ஹெட்பேண்டின் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், வெல்வெட் மாதிரியான பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அந்த வாடை போகவே போகாது.

ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

கையில் இருக்கும் பழைய ஹெட்போனோடு புதியதை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் ஒப்பிடாதீர்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு "தெளிவு" என்றே படும்.

தடிமனான ஒரு அட்டை எடுத்து நடுவில் சின்னத் துளை போடுங்கள், துளைக்குக் கீழே போனின் மைக் வருமாறு வைத்து, ஹெட்போனின் ஒரு கப்பை அட்டை மேல் இடைவெளியில்லாமல் படுக்க வையுங்கள். பிங்க் நாய்ஸ் என்கிற இரைச்சல் சோதனைப் பதிவை ஓட விட்டு, போனில் ஒரு டெசிபெல் மீட்டர் ஆப்பில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஹெட்போனுக்கும் அதே எண் வரும்வரை ஆம்பைத் திருகுங்கள். போன் காட்டும் எண் சரியான அளவு அல்ல, ஆனால் இரண்டையும் சமப்படுத்த அது போதும்.

கேட்கும் அளவையும் இப்போதே கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். பிளானார் சத்தம் கூடினாலும் இரையாது, அதனால் கூட்டிக்கொண்டே போகிற ஆபத்து இதில் அதிகம்.

சத்தத்தைக் கேட்பது

சென்னைக்குப் போய்க் கேட்கிறவர்கள் ராத்திரி ரயிலில் இறங்கி நேராகக் கடைக்குப் போகாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, காது ஓய்ந்த பிறகு போங்கள். வீட்டில் என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்.

சோதனைப் பாட்டு என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றும், நமக்குப் பழக்கமில்லாத ஜாஸும் ராக்கும் இருக்கும். பழகாத பாட்டில் ஹெட்போன் செய்கிற குறை தெரியாது. நான் முதலில் போடுவது வில்லுப்பாட்டு. ஒரே மேடையில் அடிச்சத்தம் முதல் உச்சம் வரை எல்லாம் கிடைக்கிற இசை அது. குடத்தின் வாயில் அடிக்கும்போது வருகிற கனத்த காற்றோசை பாஸுக்கு. உடுக்கையின் கயிற்றை இறுக்கி விடும்போது தொனி ஏறி இறங்குகிறதே, அது நடுப்பகுதிக்கு. வீசுகோல் வில்லில் படும்போது சிலிர்க்கும் மணிகள் உச்சத்துக்கு. நடுவில் புலவரின் குரல், பின்னால் "ஆமா" போடுகிறவர்.

கேட்கும்போது ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். குடத்தின் அடி "தொம்" என்று தொடங்கி உடனே நிற்கிறதா, பின்னால் வால் பிடித்து இழுபடுகிறதா? நல்ல பிளானாரில் தொடக்கமும் முடிவும் கத்தரித்த மாதிரி இருக்கும். ஒன்று சொல்லிவிட வேண்டும், பிளானார் பாஸ் நெஞ்சில் இடிக்காது. ஆழம் இருக்கும், தெளிவு இருக்கும், சிங்காரி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த உதைப்பு இருக்காது. அதைத் தேடி வாங்கினால் ஏமாற்றம்தான். மணிகள் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒரே "ஸ்ஸ்" என்று காதைக் குத்துகிறதா? சில பிளானார்களில் 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு இருக்கும், பாடகர் ச, ஸ உச்சரிக்கும்போதெல்லாம் ஊசி மாதிரி குத்தும். முதல் பத்து நிமிடம் இது "விவரம் அதிகம்" என்று மயக்கும், ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும். நீண்ட நேரம் கேட்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

புலவரின் குரல் எங்கே நிற்கிறது? சில மாடல்களில், முக்கியமாக ஹைஃபைமேன் குடும்பத்தில், 1,000 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு பள்ளம் இருக்கும். குரல் இரண்டடி பின்னால் போய் நிற்கும், மேடை அகலமாகத் தெரியும். சிலருக்கு இது பிடிக்கும். எனக்குக் குரல் முன்னால் வேண்டும், பாட்டில் சொல் முக்கியம்.

வில்லுப்பாட்டு முடிந்ததும் நாதஸ்வரமும் தவிலும். நாதஸ்வரத்தை இனிமையாக, மென்மையாக ஒலிக்கச் செய்யும் ஹெட்போனைப் பாராட்டாதீர்கள். பக்கத்தில் நின்று கேட்டால் நாதஸ்வரம் துளைக்கும், அதன் அழகே அந்த வீரியம்தான். தவிலில் வலப்பக்கம் கூடு மாட்டிய விரல்கள், இடப்பக்கம் குச்சி. வேகமான கோர்வையில் இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டும், அடிகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. பிளானாருக்குக் கொடுக்கும் காசு நியாயமா என்று தெரிகிற இடம் இது.

பதிவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கொடையில் குழாய் ஒலிபெருக்கி முன்னால் நின்று போனில் எடுத்த பதிவு ஹெட்போனைச் சோதிக்க ஆகாது, அதிலேயே சத்தம் உடைந்திருக்கும், நல்ல ஹெட்போன் அந்த உடைசலையும் சேர்த்துக் காட்டும். ஸ்டுடியோவிலோ கச்சேரி அரங்கிலோ ஒழுங்காக எடுத்ததை, சிடி தரத்தில், அதாவது 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸில், தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகப் போட்டால் போதும்.

"நூறு மணி நேரம் ஓட விட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் மாறுவது நம் காதின் பழக்கம். திருப்பி அனுப்பும் தேதி அதற்குள் தாண்டிவிடும்.

ஈக்யூ

ஈக்யூ என்பது பாஸ், நடுப்பகுதி, உச்சம் என்று ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. அதைப் போடுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். பிளானாரில் ஒலி உருக்குலைவு (டிஸ்டார்ஷன்) குறைவு என்பதால் பாஸைச் சில டெசிபெல் ஏற்றினாலும் பெரும்பாலும் தாங்கும். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்று இலவசமாக இருக்கின்றன. எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு முன்கூட்டியே மொத்த அளவைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தம் உடையும். சின்ன மேடு பள்ளத்தை ஈக்யூ சரி செய்யும். உச்சந்தலை வலியை எந்த ஆப்பும் சரி செய்யாது, அதனால்தான் சுகத்தை முதலில் வைத்தேன்.

கடலோரத்தில் வைத்துக்கொள்வது

இது நம்ம மாவட்டத்துக்கென்றே சொல்ல வேண்டியது. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது, அங்குள்ள ஆலையில் காந்தத்தை வைத்துத்தான் அதைப் பிரிக்கிறார்கள். வலுவான ஒரு காந்தத்தை அந்த மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்புத் துகள்கள் தாடி மாதிரி தொங்கிக்கொண்டு வரும். பிளானாருக்குள் இருப்பதும் வலுவான நியோடிமியம் காந்தங்கள்தான், ஓபன் பேக்கில் அவற்றுக்கும் வெளி உலகுக்கும் நடுவே வலை மட்டும்தான். ஒரு துகள் உள்ளே போய்ப் படலத்தைத் தொட்டால் போதும், ஒவ்வொரு பாஸுக்கும் கரகரக்கும். கடற்கரைக்குப் போய் வந்த பையில் ஹெட்போனை வைக்காதீர்கள், மணல் ஒட்டிய கையோடு தொடாதீர்கள். துகள் ஒட்டிவிட்டால் வெளி வலையில் செல்லோடேப்பை மெதுவாக ஒற்றி எடுங்கள். காற்றழுத்தக் குழாயும் வேக்கம் கிளீனரும் கூடவே கூடாது, படலம் கிழிந்துவிடும்.

குளச்சல், கன்னியாகுமரி மாதிரி கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் கேட்டு முடித்ததும் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். வியர்வை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும், துடைத்துக் கொஞ்சம் ஆற விட்டு மூடுங்கள். பிளக் முனைகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் உப்புக் காற்றில் வருகிற கரகரப்பு இருக்காது.

முடிவு செய்யும்போது

திருப்பி அனுப்பும் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் முடிவெடுங்கள், நம்ம ஊரிலிருந்து கூரியர் எடுக்க வருவது எப்போதும் சொன்ன நாளில் நடப்பதில்லை. அதுவரை பெட்டி, உள்ளே வந்த பஞ்சு, பிளாஸ்டிக் உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள், பேடில் எண்ணெய்க் கறை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால் மோனோ பதிவையும் ஏறும் தொனியையும் போனில் வைத்துக்கொண்டு நேரில் போய்ச் சோதியுங்கள், அனுப்பி வைக்கிறேன் என்றால் வேண்டாம். பேட் அமுங்கியிருந்தால் சத்தமும் மாறியிருக்கும், நீங்கள் கேட்பது அந்த ஹெட்போனின் உண்மையான சத்தம் அல்ல. புதுப் பேட் என்ன விலை, இந்தியாவில் கிடைக்கிறதா என்று போகும் முன்பே விசாரித்துவிட்டுப் போனால் விலை பேசும்போது அதைக் கழித்துக் கேட்கலாம்.